காத்திருப்பின் சுவை

ஜெர்மானிய இல்லங்களின் கிறிஸ்து பிறப்புப் பலகாரங்கள்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நெருங்கும்போதே ஜெர்மானியக் குடும்பங்களின் அடுக்களைகளில் ஒரு சுறுசுறுப்பு தோன்றிவிடுகிறது. மாவு, வெண்ணெய், தேன், வாதுமைப் பருப்பு, உலர்ந்த திராட்சை, இலவங்கப்பட்டை ஆகியவை மேசை மீது வந்து சேருகின்றன. பாட்டியின் கையெழுத்து மங்கிப்போன பழைய குறிப்பேடு வெளியே எடுக்கப்படுகிறது. சிறுவர் சிறுமியர் மேசையைச் சூழ்ந்து நின்று, விண்மீன், பிறை, இதயம் ஆகிய வடிவங்களில் மாவை வெட்டித் தருகின்றனர். சுட்டெடுத்த பலகாரங்களோ உடனே உண்ணப்படுவதில்லை. அவை தகரப் பெட்டிகளில் அடுக்கப்பட்டுப் பெருவிழாவிற்காகக் காத்திருக்கின்றன.

வெறும் தின்பண்டம் பற்றிய செய்திதானே இது என்று எண்ணிவிட வேண்டாம். இப்பழக்கத்தின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், திருச்சபையின் நோன்பும், துறவு மடங்களின் உழைப்பும், போரினால் வீடிழந்த தாய்மாரின் கண்ணீரும் இம்மாவோடு சேர்த்துப் பிசையப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

நோன்பும் வெண்ணெயும்

ஜெர்மனியின் விழாப் பலகாரங்களுள் தலைமையானது ‘ஸ்டோலன்’ எனப்படும் நீண்ட இனிப்பு ரொட்டியாகும். அதன் மீது வெண்ணெய் பூசி, வெண்மையான சர்க்கரைத் தூளை அடர்த்தியாகத் தூவுவர். துணிகளில் பொதியப்பட்ட குழந்தை இயேசுவை அவ்வுருவம் நினைவூட்டுவதாக மக்கள் கூறி மகிழ்கின்றனர். சாக்சனி நாட்டின் டிரெஸ்டன் நகரம் இதற்குப் பெயர் பெற்றது. அங்கிருந்த புனித பர்த்தலமேயு மருத்துவ இல்லத்தின் 1474ஆம் ஆண்டுக் கணக்கிலேயே இந்த ரொட்டி குறிக்கப்பட்டுள்ளது.

ஆனால் அன்றைய ஸ்டோலன் இன்றுள்ளதைப் போல் சுவையானதன்று. அக்காலத்தில் திருவருகைக் காலம் ஒறுத்தலின் காலமாக இருந்தது. வெண்ணெயும் பாலும் விலக்கப்பட்டிருந்தன. மாவையும் நீரையும் எண்ணெயையும் கொண்டு செய்யப்பட்ட அந்த ரொட்டி, விழாவின் இனிமையைவிட நோன்பின் கடுமையையே உணர்த்தியது. ஒலிவ எண்ணெய் விளையாத அக்குளிர் நாட்டில் கிடைத்த எண்ணெயும் நல்லதாக இல்லை. எனவே சாக்சனியின் ஆட்சியாளர்கள் உரோமைக்கு விண்ணப்பம் அனுப்பினர். 1491ஆம் ஆண்டில் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட், ஆலயப் பணிக்குக் காணிக்கை அளிக்கும் நிபந்தனையின்பேரில் வெண்ணெயைப் பயன்படுத்த இசைவளித்தார். அம்மடல் ‘வெண்ணெய் மடல்’ என்றே வரலாற்றில் வழங்குகிறது.

இன்று டிரெஸ்டன் ஸ்டோலனுக்கென வகுக்கப்பட்டுள்ள விதிப்படி, 100 பங்கு மாவுக்கு 50 பங்குக்குக் குறையாமல் வெண்ணெயும், 65 பங்கு உலர்ந்த திராட்சையும் சேர்க்கப்படல் வேண்டும்! சுட்டபின் இரண்டு மூன்று வாரம் குளிர்ந்த இடத்தில் வைத்தால்தான் திராட்சையின் ஈரமும் மசாலாவின் மணமும் ரொட்டி முழுவதும் பரவும். நோன்பின் விதி தளர்ந்துவிட்டது. காத்திருக்கும் கட்டாயமோ ரொட்டியின் உள்ளேயே தங்கிவிட்டது.

மடத்து அடுப்பிலிருந்து

‘லேப்கூக்கன்’ என்னும் தேன் பலகாரம் துறவு மடங்களோடு நெருங்கிய தொடர்புடையது. திருவழிபாட்டு மெழுகுதிரிகளுக்காகத் துறவியர் தேனீ வளர்த்தனர். மெழுகோடு தேனும் கிடைத்தது. நற்கருணை அப்பம் சுடுவதும் அவர்தம் பணியே. அப்பத்திற்கான மெல்லிய தகடுகளின் மீது தேன் கலந்த மாவை வைத்துச் சுட்டபோது, அது தட்டில் ஒட்டாமல் வந்தது. இன்றும் நூரம்பெர்க் நகரத்தின் லேப்கூக்கனைத் திருப்பிப் பார்த்தால், அடியில் வெண்மையான அப்பத் தகடு இருக்கக் காணலாம். பீடத்திற்குரிய கைத்தொழில் குடும்ப மேசைக்கும் வழி காட்டியது என்பது எத்துணை அழகிய செய்தி!

இப்பலகாரத்தில் இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம், சாதிக்காய் ஆகியவை சேருகின்றன. மலையாளக் கரையின் மிளகும் ஏலமும், இலங்கையின் பட்டையும் கடல் கடந்து வெனிஸ் நகரை அடைந்து, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நூரம்பெர்க் வணிகரின் கைகளுக்குச் சென்றன. ‘மிளகு’ என்னும் சொல்லையே எல்லா நறுமணப் பொருள்களுக்கும் பொதுப்பெயராக அந்நாட்டார் வழங்கியதால், மிளகே சேராத பலகாரத்திற்கும் ‘மிளகுப் பணியாரம்’ என்னும் பொருளுடைய பெயர் நிலைத்துவிட்டது.

பாட்டியின் இரகசியம்

தங்கள் வீட்டுச் செய்முறை பன்னூறு ஆண்டுப் பழமையுடையது என்று பல குடும்பங்கள் பெருமையோடு கூறும். உண்மை அவ்வளவு எளிதன்று. நெடுங்காலம் சர்க்கரை செல்வர்க்கே கிட்டும் பொருளாக இருந்தது. 1747ஆம் ஆண்டில் மார்க்கிராஃப் என்னும் பெர்லின் நகர வேதியியலார் பீட் கிழங்கில் சர்க்கரை இருப்பதைக் கண்டறிந்தார். அடுத்த நூற்றாண்டில் பீட் சர்க்கரை ஆலைகள் பெருகிய பின்னரே எளியோர் வீட்டிலும் இனிப்புப் பலகாரம் இயல்பாயிற்று. 1891ஆம் ஆண்டில் ஆகஸ்ட் ஓட்கர் என்னும் மருந்துக் கடைக்காரர், 500 கிராம் மாவுக்குப் போதுமான பேக்கிங் பவுடரைச் சிறு பொட்டலமாக விற்கத் தொடங்கினார். பொட்டலத்தின் மேல் செய்முறையும் அச்சிடப்பட்டது. எனவே பாட்டியின் ‘குடும்ப இரகசியங்கள்’ சில, ஒரு பொட்டலத்திலிருந்து எழுதிக்கொள்ளப்பட்டவையாகவும் இருக்கலாம்!

அதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடுமோ? இல்லை. ஆண்டுதோறும் அதே மேசையில், அதே அன்போடு செய்யப்படும்போது, கடன் வாங்கிய செய்முறையும் குடும்பத்தின் சொந்தமாகிவிடுகிறது.

வீட்டில் அடுப்பு வசதி இல்லாதோரும் வாளாவிருக்கவில்லை. சாக்சனியில் குடும்பத்தினர் தங்கள் பொருள்களை ரொட்டிக் கடைக்குச் சுமந்து சென்று சுட்டு வாங்குவது வழக்கம். யாருடைய ரொட்டி எதுவென மாறிவிடாதிருக்க, குடும்பப் பெயர் பொறித்த சிறு தகடு ஒவ்வொன்றிலும் குத்தப்படும்.

எளிமையானதொரு செய்முறையை இங்கே தருகிறோம். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று ஜெர்மானியச் சிறுவரும் இதனை நினைவில் வைத்திருப்பர். 100 கிராம் சர்க்கரை, 200 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 300 கிராம் மைதா மாவு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கைச்சூடு ஏறாதவாறு விரைவாகப் பிசைய வேண்டும். ஒரு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்தபின், அரைவிரல் கனத்திற்கும் குறைவாகத் தேய்த்து, விரும்பிய வடிவில் வெட்டி, 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 10 முதல் 12 நிமிடம் வரை சுட்டால் போதும். ஓரம் இலேசாகப் பொன்னிறமாகும்போதே எடுத்துவிட வேண்டும்.

வீடிழந்தோரின் உணவு

இட்லரின் ஆட்சி மூட்டிய இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டில் முடிந்தபோது எல்லைகள் மாறின. சிலேசியா, கிழக்குப் பிரசியா முதலிய பகுதிகளில் வாழ்ந்த சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஜெர்மானியர் தப்பியோடினர், அல்லது வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. கையில் எடுத்துச் செல்லக் கூடியதை மட்டுமே அவர்களால் கொண்டு செல்ல முடிந்தது. வீடு போயிற்று, நிலம் போயிற்று, தாங்கள் திருமுழுக்குப் பெற்ற ஆலயமும் எட்டாத தொலைவில் நின்றுவிட்டது. தாய்மாரின் நினைவிலிருந்த செய்முறைகளை மட்டும் எவராலும் பறிக்க இயலவில்லை.

சிலேசியக் குடும்பங்கள் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவில் கசகசாவைப் பாலில் வேகவைத்து, ரொட்டித் துண்டுகளோடும் திராட்சையோடும் அடுக்கடுக்காக வைத்து உண்பர். புதிய ஊர்களில், அயலார் வீட்டு அறைகளில் ஒண்டியிருந்தபோதும் அவ்வுணவை அவர்கள் கைவிடவில்லை. வியப்பு என்னவெனில், சிலேசியாவின் போலந்து மக்களும் அதே இரவில் அதே உணவையே உண்கின்றனர்! பகை பிரித்த இரு மக்களையும் ஒரு கிண்ணம் கசகசா இணைத்து நின்றது. 1965ஆம் ஆண்டு நவம்பரில் போலந்து ஆயர்கள் ஜெர்மானிய ஆயர்களுக்கு மடல் எழுதி, தாங்கள் மன்னிப்பதாகவும் மன்னிப்பை வேண்டுவதாகவும் அறிவித்தனர். ஆயர்கள் அன்று எழுதிய ஒப்புரவுக்கு, இரு நாட்டு அடுக்களைகளும் ஏற்கெனவே சான்றாக விளங்கின எனலாம்.

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த ஆண்டுகளிலும் இதுபோன்றதொரு காட்சியைக் காண்கிறோம். கிழக்கில் வாதுமையும் திராட்சையும் அரிதாயின. பழத்தோலுக்குப் பதிலாகச் சர்க்கரையில் ஊறிய காரட்டும் பச்சைத் தக்காளியும் பயன்பட்டன. மேற்கிலிருந்த உறவினர் அப்பொருள்களைப் பார்சலில் அனுப்ப, கிழக்கிலிருந்தோர் அவற்றைக் கொண்டு ஸ்டோலன் சுட்டு மேற்கிற்கு அனுப்பி வைத்தனர். 1990ஆம் ஆண்டில் நாடு மீண்டும் ஒன்றாகும் வரை, குடும்பத்தின் ஒற்றுமையை இந்தப் பார்சல்கள் காத்து வந்தன.

நாம் கற்க வேண்டியது

இன்று ஜெர்மானியக் கடைகளில் லேப்கூக்கன் செப்டம்பர் மாதத்திலேயே குவிந்துவிடுகிறது. விழா வருமுன் விழாவின் சுவை தீர்ந்துபோகிறது. நோன்பின்றி வரும் விருந்தும், காத்திருப்பின்றி வரும் மகிழ்ச்சியும் நெஞ்சில் தங்குவதில்லை. பெட்டியைப் பூட்டி வைத்து, ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்று பிள்ளையிடம் கூறும் தாய், திருவருகைக் காலத்தின் மறையுரையையே தன் அடுக்களையில் ஆற்றுகிறாள்.

நம் இல்லங்களிலும் முதியோரின் கைப்பக்குவம் எழுதப்படாமலேயே மறைந்து வருகிறது. இத்திருவருகைக் காலத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, பிள்ளைகளைப் பாட்டியின் அருகே அமரச் செய்து, அவர் கூறும் அளவுகளை எழுதிக்கொள்ளச் செய்வோம். ‘ஒரு கைப்பிடி’ என்று அவர் கூறினால், அக்கைப்பிடியையும் அளந்துகொள்வோம். செய்த பலகாரத்தின் முதற்பங்கை, இவ்விழாவில் வீட்டில் அடுப்பெரியாத ஒருவருக்கு அனுப்பி வைப்போம். பெத்லகேமில் இடமின்றி நின்ற குடும்பத்திற்கு நாம் செய்யும் உபசரிப்பு அதுவேயாகும்.