நால்வர் கடக்கும் நூறு கிலோமீட்டர்

ஒருவர் மலையேறி இறங்கினால் மற்றொருவருடைய பசி எப்படித் தீரும்? அறத்திற்காக ஓடுகிறார்கள், நடக்கிறார்கள் என்ற செய்தியைக் கேட்கும்போது நம்மவர் பலர் உள்ளத்தில் முதலில் எழும் ஐயம் இதுவே. கொடுக்க விரும்புகிறவர் கொடுத்துவிட்டுப் போகலாமே, அதற்காக ஒருவர் இரவென்றும் பகலென்றும் பாராமல் காட்டில் கால் தேய நடப்பானேன் என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, ஹாங்காங்கில் 1981ஆம் ஆண்டு தோன்றிய ‘டிரெயில்வாக்கர்’ என்னும் நூறு கிலோமீட்டர் மலைநடையைப் பற்றி இன்று உங்களிடம் சில சொல்ல விரும்புகிறேன். நடை என்று பெயர் இருப்பினும் அதில் ஓடுகிறவர்களும் உண்டு.

இதைத் தொடங்கியவர்கள் கூர்க்காப் படைவீரர்கள். கூர்க்கா என்றால் நம் ஊர்களில், இரவில் தடியைத் தட்டி விசில் ஊதிக்கொண்டு தெருவைச் சுற்றிவரும் காவற்காரரே நினைவுக்கு வருவார். உண்மையில் அது நேபாளத்து மலைமக்களிலிருந்து திரட்டப்பட்ட படைகளின் பெயர். 1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது, அதுவரை இருந்த பத்துக் கூர்க்காப் படைப்பிரிவுகளுள் ஆறு இந்தியாவிடம் இருந்தன. நான்கு பிரிட்டனிடம் சென்றன. பிரிட்டனிடம் சென்றவை மலேயாவிலும் போர்னியோவிலும் பணிபுரிந்து, பிறகு ஹாங்காங்கில் நிலைகொண்டன.

இந்த வீரர்களின் வாழ்வில் ஒரு பெருங்குறை இருந்தது. பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினால்தான் ஓய்வூதியம் என்பது விதி. இரண்டாம் உலகப் போரில் சில ஆண்டுகள் போர்முனையில் நின்றவர்களும், 1960களின் பிற்பகுதியில் படை சுருக்கப்பட்டபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் அந்த எல்லையை எட்டவில்லை. அவர்கள் ஊர் திரும்பி, சாலையும் மருத்துவமனையும் இல்லாத மலைச்சரிவுகளில் முதுமையடைந்தார்கள். அவர்களுக்கு உதவ 1969இல் கூர்க்கா நல அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. அந்த அறக்கட்டளைக்குப் பொருள் திரட்டும் வழியாகவும், வீரர்களுக்கு உடற்பயிற்சியாகவும், கூர்க்காச் செய்தித்தொடர்புப் படையினர் 1981இல் இந்த நடையை ஏற்படுத்தினர். பணியிலிருக்கும் இளைய வீரன், பணி முடிந்து கைவிடப்பட்ட மூத்த வீரனுக்காக நடந்தான் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1986 முதல் பொதுமக்களும் இதில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அப்போது துணைக்கு வந்த நிறுவனம் ஆக்ஸ்பாம். 1942இல், போரினால் பட்டினி கிடந்த கிரேக்க நாட்டு மக்களுக்கு உணவு அனுப்புவதற்காக ஆக்ஸ்போர்டு நகரில் சிலர் கூடி அமைத்த குழுவே பிற்காலத்தில் அப்பெயர் பெற்றது.

பொருள் எப்படிச் சேர்கிறது? நடக்க இசைந்தவர் தம் உற்றார், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடம் சென்று, “நான் இந்தப் பாதையைக் கடக்கப் போகிறேன், அதன்பொருட்டு நீங்கள் நன்கொடை தரவேண்டும்” என்று கேட்கிறார். ஆயிரம் குழுக்கள் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். குழுவுக்கு நால்வர், ஆக, நாலாயிரம் பேர். ஒவ்வொருவரும் பத்துப் பேரிடம் கேட்டால் நாற்பதாயிரம் காதுகளில் அந்தத் தேவை விழுந்துவிடுகிறது. அந்த நாற்பதாயிரவரில் பெரும்பாலோர் நேபாளத்துக் கிழவரைப் பற்றி ஒருபோதும் எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்கள் கொடுப்பது, தம் நண்பன் தூக்கமின்றி நடக்கப் போகிறான் என்பதற்காகவே. தூரத்துத் துன்பத்தை மக்கள் எளிதில் உணர்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் படும் சிரமத்தை உடனே உணர்ந்துவிடுகிறார்கள். இந்த மனித இயல்பை ஒரு பாலமாக அமைத்துக்கொண்டதுதான் இம்முறையின் நுட்பம். பழனிக்குக் கால்நடையாகச் செல்பவருக்கு வழியிலுள்ள ஊரார் மோர் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனிப் பாதையைப் பார்ப்போம். ஹாங்காங் என்றால் வானளாவிய கட்டடங்களே நம் கண்முன் வரும். ஆனால் அந்நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, 1976இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தினால் பூங்காக்களாகப் பாதுகாக்கப்பட்ட மலையும் காடுமாகும். அப்போது ஆளுநராக இருந்த மக்லஹோஸ் மலைநடையில் பெருவிருப்பம் உடையவர். 1979இல் திறக்கப்பட்ட நூறு கிலோமீட்டர்த் தடத்திற்கு அவர் பெயரே இடப்பட்டது. கிழக்கே கடலோரத்தில் தொடங்கி மேற்கே முடியும் அத்தடம் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஐந்நூறு மீட்டருக்கு ஒன்றாக இருநூறு எண்கம்பங்கள் நடப்பட்டிருக்கின்றன. வழி தவறியவரோ அடிபட்டவரோ அருகிலுள்ள கம்பத்தின் எண்ணைச் சொன்னால் போதும். மீட்போர் இடத்தை அறிந்துகொள்வர். அறப்பணி நடையும் பெரும்பாலும் இத்தடத்தைப் பின்பற்றியே செல்கிறது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அதை முடிக்க வேண்டும்.

அத்தடத்தின் சில பகுதிகளில் நான் நடந்திருக்கிறேன். கிழக்குக் கோடியில், கடலின் ஒரு குறுகிய கால்வாயை இருபுறமும் அணையிட்டு அடைத்து ஆக்கிய பெரிய நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. அணையருகே, எரிமலைச் சாம்பல் குளிர்ந்து இறுகியபோது உண்டான அறுகோணப் பாறைத்தூண்கள், யாரோ அளந்து செதுக்கி அடுக்கியவை போல நிற்கின்றன. அவற்றின் வயது பதினான்கு கோடி ஆண்டுகள் என்று அறிஞர் கணக்கிடுகின்றனர். அங்கிருந்து வெண்மணற் கடற்கரைகள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மலைகள். நடுவழியில் குரங்குகள் நிறைந்த ஒரு காடு வருகிறது. கையில் தின்பண்டப் பை வைத்திருப்பவர் அங்கே வேகமாக நடக்கக் கற்றுக்கொள்வார். அதையடுத்து, 1941 டிசம்பரில் ஜப்பானியர் தாக்கிக் கைப்பற்றிய பழைய அரண் ஒன்றின் சுரங்க வழிகள் இன்றும் இருக்கின்றன. அதன் பிறகுதான் ஊசிமலை என்று பொருள்படும் பெயருடைய 532 மீட்டர்க் குன்றும், புல்மலையும், முடிவில் 957 மீட்டர் உயரமுள்ள தாய் மோ ஷான் சிகரமும். உயரம் கேட்கப் பெரிதன்று. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனால் ஏறியதை இறங்கி, இறங்கியதை மீண்டும் ஏறி, அந்த ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் நாலாயிரம் மீட்டரைத் தாண்டிவிடுகிறது.

இந்தக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இது ஆதிகாலத்துக் காடன்று. ஜப்பானியர் ஆட்சியிலிருந்த போர்க்காலத்தில் விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டு மலைகள் மொட்டையாயின. போருக்குப் பின் நட்டும் காத்தும் வளர்த்தவையே இன்று நிழல் தரும் மரங்களுள் பெரும்பாலானவை.

ஆண்டின் எப்பருவத்தில் இவ்வழியே போகலாம்? கண்ணுக்கு இனியது இளவேனில்தான். ஏப்ரல் மாதத்தில் மா ஓன் ஷான் மலைச்சரிவில் காட்டு அசேலியாச் செடிகள் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருக்கும். ஆனால் அதே இளவேனிலில் கடலிலிருந்து எழும் மூடுபனி மலையை மறைக்கும். பாறையெல்லாம் ஈரம் கசிந்து வழுக்கும். கோடையில் புயலும் வெப்பமும். ஆகவேதான் அமைப்பாளர்கள் உலர்ந்த நவம்பர் மாதத்தைத் தேர்ந்துகொண்டார்கள். அழகிய பருவம் வேறு, பாதுகாப்பான பருவம் வேறு என்பதற்கு மிகக் கொடிய சான்று ஒன்றும் உண்டு. சீனாவின் கான்சூ மாநிலத்தில் 2021 மே 22 அன்று நூறு கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடைபெற்றது. அது அறப்பணி ஓட்டமன்று, பந்தயம். காலையில் மெல்லிய உடையுடன் புறப்பட்டவர்களை நண்பகலில் உயர்ந்த மேட்டில் பனிமழையும் கடுங்காற்றும் சூழ்ந்தன. உடற்சூடு இழந்து 21 பேர் மாண்டனர். தேர்ந்த ஓட்டக்காரர்களும் அவர்களுள் இருந்தனர். ஆடு மேய்ப்பவர் ஒருவர், குகையில் தீ மூட்டி அறுவரைக் காப்பாற்றினார்.

உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிவியல் மாணவர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு சுமார் இரண்டாயிரம் கலோரி ஆற்றல் தரும் அளவுக்கே இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நூறு கிலோமீட்டர் ஓட, சமதரையிலேயே ஆறாயிரம் கலோரி வேண்டும். எஞ்சியது கொழுப்பிலிருந்து வரவேண்டும். ஆனால் கொழுப்பு மெதுவாகவே எரியும். எனவே வேகத்தைக் குறைத்து, இடைவிடாமல் சிறிது சிறிதாக உண்டுகொண்டே செல்பவர்தான் ஊர் போய்ச் சேர்வார். தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். இன்னொரு விந்தை: தொடைத்தசையை வருத்துவது ஏற்றத்தைவிட இறக்கமே. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கித் தடுக்கவேண்டியிருப்பதால் அதன் நுண்ணிழைகள் அறுகின்றன. மறுநாள் மாடிப்படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொள்வது இதனால்தான்.

இவையெல்லாம் எந்த நெடிய ஓட்டத்துக்கும் பொது. டிரெயில்வாக்கருக்கே உரியது, நால்வர் என்னும் விதி. தனியாக எவரும் சேரமுடியாது. நால்வர் ஒரு குழு. நால்வரும் சேர்ந்தே புறப்பட்டு, ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் சேர்ந்தே வரவேண்டும். இராணுவத்தில் ரோந்து செல்லும் முறையிலிருந்து பிறந்த வழக்கம் இது. இதன் விளைவு என்னவென்று எண்ணிப்பாருங்கள். குழுவின் வேகம் அதில் விரைந்தவருடைய வேகமன்று, மெதுவானவருடைய வேகம். ஆற்றல் மிக்கவர் அவ்வாற்றலைத் தம் புகழுக்காகச் செலவிட வழியில்லை. தோழனின் மூட்டையை வாங்கிச் சுமப்பதிலும், கொப்புளத்துக்குக் கட்டுப்போடுவதிலும், விடியற்காலை மூன்று மணிக்கு அவன் “இனி என்னால் ஆகாது” என்று உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் சூடான தேநீர் கொடுப்பதிலும்தான் செலவிட முடியும். மெதுவாக நடப்பவருக்கும் இது எளிதன்று. மூவர் தமக்காகக் காத்து நிற்கிறார்கள் என்று அறிவது, கால்வலியைவிடப் பெரிய வலி. உதவி பெறுவதன் கூச்சம் எத்தகையது என்பதை அவர் அந்த இரவில் அறிந்துகொள்கிறார். யாருக்காகப் பணம் திரட்டினாரோ அவர்கள் நாள்தோறும் அறிந்திருப்பது அது. இந்த விதி இல்லையேல் இந்நிகழ்ச்சி பத்தோடு பதினொன்றான பந்தயமாகியிருக்கும் என்பது என் கருத்து. இவ்விதியோடும் விரைந்தவர்கள் இருக்கிறார்கள். 2013இல் நேபாள வீரர் நால்வர் பதினொரு மணிக்கும் குறைந்த நேரத்தில் முடித்தனர். பெரும்பாலோருக்கு முப்பது மணிக்கு மேல் ஆகிறது.

குறை சொல்வோரும் உண்டு. அவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே வாரத்தில் மிதித்தால் மண் அரிக்கும். அரிப்பைத் தடுக்க அரசினர் பாதையில் சிமெண்டுக் கலவை கொட்டினால், அது மலைநடைக்காரர்களுக்கே பிடிக்கவில்லை. மண்பாதை மண்பாதையாகவே இருக்கட்டும் என்று வாதிட்டு வந்திருக்கிறார்கள். கல்லும் மரக்கட்டையும் கொண்டு கையால் செப்பனிடும் பணியில் தொண்டர்களும் பங்குகொள்கின்றனர். எனக்குள்ள குறை வேறு. பெரிய வாணிக நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த சட்டைகளோடு குழுக்களை அனுப்பும்போது, நடை எது, விளம்பரம் எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது. அந்தப் பணமும் பசியைத் தீர்க்கிறது என்பதால் நான் அதைக் கண்டிக்கவில்லை, விரும்பவுமில்லை.

1997இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது கூர்க்காக்கள் அங்கிருந்து வெளியேறினர். நடை அங்கே நின்றுவிடவில்லை. ஆக்ஸ்பாம் அதைத் தொடர்ந்து நடத்தியது. நகரில் கிளர்ச்சி மூண்டிருந்த 2019இல் அது கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஜப்பானிலும் இந்தியாவிலும் அதன் கிளைகள் தோன்றின. இங்கிலாந்துக்குச் சென்ற கூர்க்காக்களோ, தங்கள் நடையையும் கூடவே கொண்டுபோனார்கள். தென்கடற்கரையை ஒட்டிய சுண்ணாம்புக் குன்றுகளின் மீது பிரைட்டன் நகர் வரை செல்லும் நூறு கிலோமீட்டர்ப் பாதையில் அதைப் பல ஆண்டுகள் நடத்தி, திரண்ட தொகையை ஆக்ஸ்பாமும் கூர்க்கா நல அறக்கட்டளையும் பகிர்ந்துகொண்டன. அங்கே நடந்து களைத்து வந்த வெள்ளைக்காரர்களுக்குக் கூர்க்கா வீரர்கள் தம் நாட்டுக் குழம்பும் சோறும் தட்டில் பரிமாறினார்கள்.