சர்வ்லெட் வடிப்பானில் உரலிப் பொருத்தமும் பிழை காணலும்

வடிப்பான் (ஃபில்டர்) என்பது ஜாவா வலைச் செயலியில், உலாவியிலிருந்து வரும் கோரிக்கை சர்வ்லெட்டையோ ஜேஎஸ்பி பக்கத்தையோ அடையும் முன் அதனை இடைமறித்துச் சோதிக்கும் நிரற்கூறு ஆகும். இது சர்வ்லெட் 2.3 பதிப்பில் (2001) அறிமுகமானது. எந்த முகவரிகளுக்கு வடிப்பான் இயங்க வேண்டும் என்பதை வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் குறிக்கலாம், 3.0 பதிப்பு (2009) முதல் நிரலிலேயே வெப்ஃபில்டர் என்னும் குறிப்பாகவும் எழுதலாம். இந்த உரலி வடிவம் தவறினால் பல வேளைகளில் பிழைச்செய்தி எதுவும் வராது. வடிப்பான் இயங்காமலே பக்கம் திறந்துவிடும். நுழைவுரிமையைச் சோதிக்கும் வடிப்பானில் இது பாதுகாப்புக் குறையாகும்.

பொருந்தும் வடிவங்கள்

• "/நிர்வாகம்/பட்டியல்" – அந்த ஒரு முகவரிக்கு மட்டும்.
• "/நிர்வாகம்/*" – அப்பாதையும் அதன் கீழ் உள்ள அனைத்தும்.
• "*.ஜேஎஸ்பி" – அந்தப் பின்னொட்டில் முடியும் அனைத்தும்.
• "/*" – செயலியின் எல்லா முகவரிகளும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

1. செயலியின் பெயரையும் சேர்த்து எழுதுதல். "/நூலகம்" என்ற செயலியில் "/நூலகம்/நிர்வாகம்/*" என்று எழுதினால் பொருந்தாது. "/நிர்வாகம்/*" என்பதே சரி.
2. இரு வடிவங்களைக் கலத்தல். "/நிர்வாகம்/*.ஜேஎஸ்பி" என்பது ஏற்கத்தக்க வடிவம் அன்று. ஸ்பிரிங் கட்டமைப்பில் வழங்கும் "/**" என்பதற்கும் இங்கு அந்தப் பொருள் இல்லை.
3. உள்வழி அனுப்புதலை மறத்தல். வேறு ஏற்பாடு செய்யாவிடில், வெளியிலிருந்து நேரே வரும் கோரிக்கைக்கு மட்டுமே வடிப்பான் இயங்கும். ஒரு சர்வ்லெட் ஃபார்வர்டு செய்யும் பக்கத்தையும் சோதிக்க வேண்டுமானால், 2.4 பதிப்பில் வந்த டிஸ்பாட்சர் குறியில் அதனைக் குறிப்பிட வேண்டும்.
4. நுழைவுப் பக்கத்தையும் தடுத்தல். "/*" என்று எழுதினால் நுழைவுப் பக்கமும் அதில் அடங்கும். வடிப்பான் பயனரை அப்பக்கத்துக்கே மீண்டும் மீண்டும் திருப்பிவிடும். விலக்கு அளிக்கும் வடிவம் இல்லாததால், வடிப்பானின் நிரலுக்குள்ளேயே அம்முகவரிக்கு வழிவிட வேண்டும்.
5. பழைய தொகுப்புப் பெயர். டாம்கேட் 10 முதல் "ஜாவாஎக்ஸ்" என்பது "ஜகார்த்தா" என மாறிவிட்டது. பழைய பெயரில் எழுதிய வெப்ஃபில்டர் குறிப்பை வழங்கி கண்டுகொள்ளாது.

பிழை கண்டறியும் முறை

முதலில் வடிப்பானின் தொடக்கச் செயற்கூற்றில் ஒரு பதிவு வரியை எழுத வேண்டும். செயலி தொடங்கும்போது அவ்வரி தோன்றாவிடில், வடிப்பான் பதிவாகவே இல்லை. உரலி வடிவத்தைத் திருத்திப் பயனில்லை. தோன்றினால், வடிவத்தைத் தற்காலிகமாக "/*" என மாற்றி, வரும் ஒவ்வொரு பாதையையும் பதிவில் அச்சிட வேண்டும். இப்போது வடிப்பான் இயங்கினால், குறை முந்தைய வடிவத்தில்தான். அச்சான பாதையோடு அதனை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் தவறு தெரிந்துவிடும். உலாவி தன் சேமிப்பிலிருந்து பக்கத்தைக் காட்டினால் கோரிக்கை வழங்கிக்கே வராது; ஆகவே சேமிப்பை நீக்கிய பிறகே சோதிக்க வேண்டும்.

திருத்திய பின், நுழையாத பயனராக ஒவ்வொரு பாதையையும் திறந்து பார்ப்பது இன்றியமையாதது. நுழைந்த பயனருக்குப் பக்கம் சரியாகத் திறப்பதால் மட்டும், வடிப்பான் வேலை செய்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.