இரண்டு தோட்டங்கள்

பிளேன்டீயை முதலில் குடியுங்கோ, ஆறிவிடும். வெள்ளவத்தையிலிருந்து வந்த மருமகள் நேற்றுக் கேட்டாள்: "மாமா, கொழும்பு ஏழு எண்டால் ஏன் காணிக்கு இந்த விலை?" அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கொழும்பில் 'தோட்டம்' என்றால் இரண்டு பொருள். கொழும்பு ஏழான கறுவாத்தோட்டம் என்பது உயர்ந்த மதில், போர்ட்டிக்கோ, மரநிழல். இங்கே கொட்டாஞ்சேனையில் தோட்டத்து வீடு என்பது சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள், பொதுக் குழாய், விடிய நாலு மணிக்கே வாளி வரிசை.

முந்தி பணக்காரர் இருந்தது இந்தப் பக்கம்தான். முகத்துவாரம், கொட்டாஞ்சேனை மேட்டில் கடற்காற்று, பெரிய வளவுகள். அந்தப் பக்கமோ ஒல்லாந்தர் கறுவா நட்ட வெள்ளை மணல். 1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுக அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார். 1885இல் அது முடிந்தது. காலிக்குப் போன கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும், கரி சுமக்க ஆள் வேண்டும், ஆளுக்குப் படுக்க அறை வேண்டும். வளவுக்காரர் தெற்கே போனார்கள். பழைய வளவுகளில் வரிசை வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். மரம் போயிற்று, 'தோட்டம்' என்ற பெயர் நின்றது.

ஹோர்ட்டன், வார்ட், பார்ன்ஸ், கிரெகரி என்று கறுவாத்தோட்டத்துத் தெருக்களுக்கு ஆளுநர் பெயர்கள். நம்மவர்களும் அங்கே போனார்கள். பொன்னம்பல முதலியார் 1857இல் கொச்சிக்கடையில் சிவன் கோயில் கட்டினார். மகன் இராமநாதன் குடியிருந்தது வார்ட் பிளேஸ் 'சுகஸ்தான்' வீட்டில். ஆனாலும் தகப்பன் கோயிலைக் கருங்கல்லில் திருப்பிக் கட்ட அவர் இந்தப் பக்கம்தான் வந்தார். இப்போதும் அந்தக் கல்தூணில் கை வைத்தால் நடுப்பகலிலும் குளிரும்.

கொட்டாஞ்சேனை கெட்டுப்போன இடம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நகரத்துக்குப் பணம் கொண்டுவந்த துறைமுகத்தின் சுமையைத் தாங்கியது இந்த ஊர்தான். இங்கிருக்கிற சனம் எதையும் கெடுக்கவில்லை.

எங்கள் ஒழுங்கை முனையைப் பாருங்கோ. கீழே மூன்று கடை, மேலே ஒரே ஓட்டுக்கூரை: அது ஒரு காலத்தில் ஒரே வீடு. நடுக்கடை ஷட்டருக்கு மேல் காற்றுப் போகக் கொடியும் பூவுமாகக் குடைந்த தேக்குப் பலகை இன்னும் இருக்கிறது, இரண்டு இதழ் மட்டும் உடைந்தபடி. கறுவாத்தோட்டத்தில் புதுவீடு கட்டுகிறவர்களுக்கென்று அதை விலை கேட்டு ஆள் வருகிறார்கள். கடைக்காரர் இன்னும் கொடுக்கவில்லை.