பாட்டோடு வரும் எழுத்து

சில கார்களிலுள்ள வானொலிப் பெட்டியில் பாட்டு ஒலிக்கும்போதே நிலையத்தின் பெயரும் எழுத்தாய்த் தோன்றுகிறது. எழுத்தும் அதே அலையில்தான் வருகிறது. ஆயினும் நம் காதில் விழுவதில்லையே, ஏன்?

பண்பலையில் நாம் கேட்கும் ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரையே. அதற்கு வெகு உயரத்தில், செவிக்கு எட்டாத 57 கிலோஹெர்ட்ஸில், ஒரு துணை அலை எழுத்தைச் சுமந்து வருகிறது. இம்முறைக்கு ஆர்.டி.எஸ். என்று பெயர். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1984-இல் இதன் விதிகளை வெளியிட்டது.

எழுத்துகள் 0, 1 என்னும் குறிகளாகி, நொடிக்கு 1187.5 வீதம் செல்கின்றன. 26 குறிகள் கொண்ட ஒவ்வொரு தொகுதியிலும் 16 செய்திக்கு. 10 பிழையைக் கண்டறிய. நிலையத்தின் பெயருக்கு 8 எழுத்தும், செய்திக்கு 64 எழுத்தும் இடமுண்டு.

பொழுதுபோக்காகச் செய்யும் சிறு பண்பலைக் கருவியில் இதைச் சேர்க்க இயலுமா? இயலும். ஆனால் பாட்டு நுழையும் வழியில் சேர்த்தால், அங்குள்ள வடிகட்டி இந்த உயர்ந்த அதிர்வைத் தடுத்துவிடும். ஆகவே வடிகட்டியைக் கடந்த இடத்தில், மிகச் சிறிய அளவில் சேர்க்க வேண்டும். அளவு மிகுந்தால் பாட்டு கெடும்.

இன்னோர் எச்சரிக்கை, தோழியரே! பண்பலை வரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதை அடுத்தே விமானங்களுக்கு வழிகாட்டும் அலைகள் தொடங்குகின்றன. செப்பமற்ற கருவியின் அலை அங்கே சிதறினால், வானில் பறப்போரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவேதான் உரிமமின்றி ஒலிபரப்பச் சட்டம் இடந்தருவதில்லை. ஆசிரியரின் துணையோடு, அலை வெளியேறாதபடி உலோகப் பெட்டிக்குள் வைத்து ஆராய்ந்தால் அறிவும் வளரும், பிறர்க்கும் தீங்கில்லை. விந்தையைக் கற்போம், விதியையும் காப்போம்!