பாறைப் போர்வை

ஓசூரை அடுத்த சானமாவுப் பகுதியில் வாழும் மாணவர், கருங்கற்பாறைகளின்மேல் சாம்பலும் மஞ்சளுமாய்த் திட்டுத்திட்டாகப் படர்ந்துள்ள லைக்கன்களைக் கண்டிருப்பர். பாசியும் காளானும் இணைந்து வாழும் வாழ்க்கையே லைக்கன். இதனைக் கண்டு பழகிய ஒருவர், மன்னார் வளைகுடாக் கரைக்குச் சென்று, அங்குள்ள கற்களிலும் வண்ணப் போர்வை படர்ந்திருத்தலைக் கண்டால், அதனையும் லைக்கன் என்றே எண்ணக்கூடும். ஆயின், அப்போர்வை ஒரு விலங்காகவும் இருக்கலாம்!

கடல்நீர் வற்றும்பொழுது பாறைக் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். அக்குழிகளின் ஓரங்களிலும், கற்களின் அடிப்புறத்திலும் செம்மை, மஞ்சள், ஊதா முதலிய நிறங்களில் மெல்லிய படலங்கள் ஒட்டியிருக்கும். அவற்றுட் பல கடற்பஞ்சு, பிரையோசோவா, கூட்டு அசிடியன் என்னும் விலங்கு வகைகளைச் சார்ந்தவை. நிறத்தைக் கொண்டு இன்னது எனத் துணிதல் தவறு. ஓரினமே பல நிறங்களில் காணப்படுதல் உண்டு.

உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கின் வேறுபாடு விளங்கும். எண்ணற்ற நுண்துளைகளும், அவற்றினிடையே சில பெருந்துளைகளும் தோன்றின், அது கடற்பஞ்சு. நுண்ணிய அறைகள் வலைப்பின்னல்போல் அடுக்கப்பட்டிருப்பின், அது பிரையோசோவா. வழவழப்பான பொது உறையினுள் சிற்றுயிர்கள் விண்மீன் வடிவில் சூழ்ந்திருப்பின், அது பொட்ரில்லஸ் என்னும் கூட்டு அசிடியன். அதன் ஒவ்வோர் உயிரும் தன் வாயால் நீரை ஈர்த்து, உணவை வடித்துக்கொண்டு, எஞ்சிய நீரை நடுவிலுள்ள பொதுத் துளைவழியே வெளியேற்றும். மெல்லத் தொட்டால் வாய்கள் சுருங்கி மூடிக்கொள்ளும்.

அறிஞர்கள் நெடுங்காலம் அசிடியன்களைச் சிப்பி, நத்தை ஆகியவற்றின் இனத்தோடு சேர்த்தே எண்ணினர். 1866-ஆம் ஆண்டில் கோவலெவ்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அவற்றின் இளவுயிரை ஆராய்ந்தார். தலைப்பிரட்டையைப் போன்று நீந்தும் அதன் வாலில் முதுகுநாண் இருத்தலை அவர் எடுத்துக்காட்டினார். பாறையில் ஒட்டிய பின்னர் வாலும் நாணும் மறைந்துவிடுகின்றன. எனினும், அந்நாண் ஓர் உண்மையை உணர்த்திற்று: பாறையில் அசையாது கிடக்கும் அவ்வுயிர், சிப்பியைக் காட்டிலும் மீனுக்கும் மனிதனுக்குமே நெருங்கிய உறவினது!

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதியும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. எக்கரையாயினும், காணச் செல்வோர் இவ்வுயிர்களைச் சுரண்டி எடுத்தலாகாது. புரட்டிய கல்லை முன்பிருந்தவாறே வைத்தல் வேண்டும். நிழலில் வாழும் உயிர் வெயிலில் காய்ந்து மடியும். கண்டறிதல் அறிவு, கண்டதைக் காத்தல் பண்பு.