பேரங்காடியில் கார் நிறுத்தமும் கட்டண நோட்டீசும்

கடன் பத்திரமாயினும் கொள்முதல் ஒப்பந்தமாயினும், கையெழுத்திடுமுன் அதனை முற்றும் வாசித்தறிதல் வேண்டும் என்பது கூட்டுறவாளர் நெடுநாளாகப் பயின்றுவரும் பாடமாகும். ஆயினும், கையெழுத்தே இன்றி, ஓர் அறிவிப்புப் பலகையைக் கடந்து உள்ளே சென்ற அளவில் ஏற்பட்டுவிடும் ஒப்பந்தங்களும் உள. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பேரங்காடிகளை அடுத்துள்ள கார் நிறுத்துமிடங்கள் இதற்குத் தக்க சான்று. நம் உறுப்பினர்தம் மக்களுள் அந்நாட்டில் குடியேறி வாழ்வோரும் இருக்கக்கூடும்; ஆதலின் இதனை விளக்கமாக ஈண்டு எழுதலானோம்.

அந்நாட்டுப் பேரங்காடிகள் பல, சாமான் வாங்க வருவோர் இரண்டு மணி நேரம், சிலவிடத்து மூன்று மணி நேரம், காரை இலவசமாக நிறுத்திவைக்க அனுமதிக்கின்றன. மேற்பார்வையோ பெரும்பாலும் அங்காடியாரிடம் இல்லை. தனியார் கம்பெனி ஒன்றனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். வாயிலில் உள்ள காமிரா, கார் நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் வண்டியெண்ணோடு பதிந்துகொள்ளும். குறித்த நேரத்தைக் கடந்ததாகத் தெரிந்தால், கம்பெனியார் அரசினரின் மோட்டார் வண்டிப் பதிவு அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, வண்டி எவர் பேரில் பதிவாகியுள்ளதோ அவர் முகவரியைப் பெறுவர். சில நாட்களில், 100 பவுண்டு வரை கேட்டு ஒரு நோட்டீஸ் வீடு தேடி வரும். 14 நாட்களுக்குள் செலுத்தினால் தொகை குறையும் என்றும் அதில் எழுதியிருக்கும்.

இந்த நோட்டீஸ் நகரசபையோ போலீசோ விதிக்கும் அபராதம் அன்று என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். தனியார் ஒருவர், ஒப்பந்தம் மீறப்பட்டதென்று சொல்லிக் கேட்கும் பணமே இது. ஆகவே அஞ்சி உடனே செலுத்திவிட வேண்டுவதில்லை. அதேபோல், தனியார் கடிதந்தானே என்று கிழித்தெறிவதும் தகாது.

ஏன் தகாதெனில், 2012-ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு மாறுதல்களை ஒருங்கே செய்தது. தனியார் நிலத்தில் வண்டியின் சக்கரத்தைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வழக்கத்தை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடுத்தது. அதற்கு ஈடாக, காரை ஓட்டியவர் எவரென்று தெரியாவிடில், வண்டியைத் தம் பேரில் வைத்திருப்பவரிடமே கட்டணத்தைக் கேட்கும் உரிமையைக் கம்பெனிகளுக்கு அளித்தது. பின்னர் செம்ஸ்ஃபோர்டு நகரத்து வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இரண்டு மணி நேர இலவச இடத்தில் 56 நிமிடம் மிகுதியாகக் காரை நிறுத்தியவரிடம் 85 பவுண்டு கேட்கப்பட்டிருந்தது. இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் பலருக்கும் பயன்பட வேண்டுமென்பது நியாயமான நோக்கமே என்றும், தொகை அளவுக்கு மீறியதன்று என்றும், பலகைகள் தெளிவாக இருந்தன என்றும் கூறி, 2015 நவம்பர் 4-ஆம் நாள் நீதிபதிகளுள் பெரும்பான்மையோர் கம்பெனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். எனவே, "இதற்கெல்லாம் சட்டபலம் இல்லை" என்னும் பழைய பேச்சு இனிச் செல்லாது.

எனினும் அத்தீர்ப்பு ஒவ்வொரு நோட்டீசையும் சரியானதாக்கிவிடவில்லை. எதிர்த்துரைக்கத் தக்க காரணங்கள் பல உள. பலகை இருளில் மறைந்தோ, எழுத்துப் பொடியாகவோ இருந்தால் ஒப்பந்தம் ஏற்பட்டது எவ்வாறு? ஒரே நாளில் இருமுறை வந்து சென்றதைக் காமிரா ஒரே நீண்ட வருகையாகக் கணக்கிடுவதும் உண்டு. கம்பெனிகளின் சங்கங்கள் இரண்டும் 2024-இல் வெளியிட்ட பொது விதிகளின்படி, அனுமதித்த நேரம் முடிந்தபின் குறைந்தது 10 நிமிடம் சலுகையாக அளிக்கப்படல் வேண்டும். காரின்மேல் நோட்டீஸ் ஒட்டாமல் காமிராவை மட்டும் நம்பிய கம்பெனியார், நிறுத்திய நாளுக்கு மறுநாள் தொடங்கி 14 நாட்களுக்குள் நோட்டீஸ் கிடைக்கச் செய்யாவிடில், 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி வண்டி வைத்திருப்பவரைப் பொறுப்பாக்க இயலாது. ஓட்டியவரிடமே கேட்டல் வேண்டும். ஓட்டியவர் பெயரைத் தனியார் கம்பெனிக்குத் தெரிவிக்கும் கட்டாயம் எவருக்கும் இல்லையாதலின், மறுமொழிக் கடிதத்தில் "நான் நிறுத்தினேன்" என்று எழுதுமுன் ஆழ்ந்து எண்ணுதல் நலம்.

செய்யத்தக்கவை வருமாறு. முதலாவதாக, அங்காடி மேலாளரை அணுகிச் சாமான் வாங்கிய ரசீதைக் காட்டுக. கம்பெனியை அமர்த்தியவர் அங்காடியார் ஆதலின், வாடிக்கையாளரை இழக்க விரும்பாமல் அவரே நோட்டீசை நீக்கச் சொல்லுவதுண்டு. இரண்டாவதாக, 28 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புக. பலகைகளின் புகைப்படம், ரசீது, நோட்டீசின் நகல் ஆகியவற்றை இணைத்து, நகலொன்று கைவசம் வைத்துக்கொள்க. மூன்றாவதாக, கம்பெனியார் மறுத்தால், அவர்கள் சேர்ந்துள்ள சங்கத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குச் செல்லலாம். பிரிட்டிஷ் பார்க்கிங் சங்கத்தைச் சேர்ந்த கம்பெனியாயின் அவ்வமைப்புக்குப் 'பொப்லா' என்று பெயர். அங்கு முறையிடுவோருக்குச் செலவில்லை. அதன் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், முறையிட்டவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அங்குச் சென்றபின் குறைந்த தொகையைச் செலுத்தும் சலுகை பெரும்பாலும் கைவிட்டுப் போகும். காரணம் வலுவற்றதாயின் முன்னரே செலுத்திவிடுதல் இலாபமாகும்.

வசூல் ஏஜெண்டுகளின் கடிதங்கள் எவ்வளவு கடுமையாயிருப்பினும், அவர்கள் நீதிமன்ற அமீனாக்கள் அல்லர். வீட்டுப் பொருளை எடுத்துச் செல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கவுண்டி கோர்ட்டிலிருந்து வரும் படிவமோ வேறு. அதற்குக் குறித்த கெடுவுக்குள் மறுமொழி தராவிடில், விசாரணையின்றியே எதிராகத் தீர்ப்பாகும். அத்தொகையை ஒரு மாதத்துள் செலுத்தாதவர் பெயர் ஆறாண்டுகள் பதிவேட்டில் நிற்கும். கடன் பெறுவதும், சிலபோது வீடு வாடகைக்குப் பெறுவதும் கடினமாகும். முகவரி மாறியதைப் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவியாதோர், தமக்கு எதிராகத் தீர்ப்பான செய்தியையே காலங்கடந்து அறிவதும் உண்டு.

நூறு பவுண்டு சிறு தொகையன்று. தினக்கூலி பெறுவோர்க்கும், பகுதிநேர வேலை செய்து பயிலும் மாணவர்க்கும் அது ஒரு நாள் உழைப்புக்கு மேற்பட்டது. அதனை அச்சத்தால் இழத்தலும் வேண்டா, அசட்டையால் பன்மடங்காக்கிக்கொள்ளுதலும் வேண்டா. அயல்நாட்டில் வாழும் தம் மக்களுக்குக் கடிதம் எழுதும் உறுப்பினர்கள் இதனையும் ஒரு வரி சேர்த்து எழுதுவாராக: பலகையை வாசி, ரசீதைப் பாதுகாத்து வை, நோட்டீஸ் வந்தால் நாளைக் குறித்துக்கொண்டு கெடுவுக்குள் எழுத்தில் மறுமொழி கொடு.