பேரேடும் கணிப்பொறியும்: கடன் கொடுப்போரின் பொறுப்பு

வணிக நிறுவனங்களில் செயற்கை நுண்ணறிவு இன்று விரைந்து இடம்பெற்று வருகிறது. அதனை அறநெறியோடும் பொறுப்போடும் கைக்கொள்வது எங்ஙனம் என்னும் வினா எழும்போதெல்லாம், நேர்மை, நம்பகம், வெளிப்படை ஆகிய சொற்களே விடையாகத் தரப்படுகின்றன. இச்சொற்களை மறுப்பார் எவருமிலர். அக்காரணத்தாலேயே இவை எவரையும் கட்டுப்படுத்துவதுமில்லை. ஆகவே இக்கட்டுரையில் ஒரே ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது கடன் கொடுக்கும் தொழில். ஒரு குடும்பத்தை நிமிர்த்தவும் கவிழ்க்கவும் வல்ல முடிவுகள் அதில் நாள்தோறும் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் பல இன்று கணிப்பொறியிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

மேலாளின் பொறுப்பு

இத்தொழிலைப் பற்றிச் சிந்திக்கச் செட்டிநாட்டைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ. எம். முருகப்பச் செட்டியார் 1900இல் பர்மாவின் மோல்மேன் நகரில் கொடுக்கல் வாங்கல் தொழிலைத் தொடங்கினார். அக்குடும்பத்தின் தொழில்கள் பின்னர் தமிழ்நாட்டில் மிதிவண்டி, சர்க்கரை, உரம் எனப் பரந்தன. 1978இல் சோழமண்டலம் என்னும் நிதி நிறுவனமும் தோன்றியது. வட்டிக்கடையிலிருந்து நிதி நிறுவனம் வரை நீண்ட இப்பாதை ஓர் ஊரின் வரலாற்றுக்குள்ளேயே அடங்கியிருப்பது கவனிக்கத்தக்கது.

அக்கால வட்டிக்கடையில் முதலாளி ஊரில் இருப்பார். கடல் கடந்த கடையை நடத்துபவர் மேலாள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பல்லாண்டு பழகிய பின்னரே ஒருவர் மேலாளாக முடியும். (இவ்வுலகை அறிய விரும்புவோர் 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் நாவலைப் படிக்கலாம்.) கடன் கேட்டு வருபவருடைய நிலம், தொழில், நாணயம் ஆகிய அனைத்தையும் எடைபோட்டு முடிவு செய்பவர் அவரே. மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் அவர் பொறுப்பை ஒப்படைத்து ஊர் திரும்புவார். அவர் கொடுத்த ஒவ்வொரு கடனுக்கும் பேரேட்டில் சான்று இருக்கும். கொடுத்தது யார், ஏன் கொடுத்தார் என்று கேட்டால் விடை சொல்ல ஓர் ஆள் இருந்தார். நம் பொருளுக்கு இது முக்கியம்.

பர்மா கற்பித்த பாடம்

எனினும் பழைய முறையைப் போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. கீழ்ப்பர்மாவில் நகரத்தார் கொடுத்த கடன்களுள் பெரும்பகுதி நெல் வயல்களை ஈடாகக் கொண்டது. ஒவ்வொரு கடனையும் தனித்தனியே நோக்கினால் அது விவேகமான கடனே. நிலம் ஈடாக இருந்தது. நெல்லுக்கு விலை இருந்தது. நிலத்தைத் தாமே உடைமையாக்கிக் கொள்ளும் விருப்பமும் அவர்களுக்குப் பொதுவாக இல்லை. அவர்கள் வேண்டியது வட்டியும் முதலும் மட்டுமே. ஆயினும் 1930ஐ ஒட்டி உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கடன்கள் யாவும் ஒருங்கே நிலமாக மாறின. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் பயிர் நிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு அவர்கள் கையில் இருந்தது. 1937இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. நிலமிழந்த உழவரின் மனக்கசப்பு அரசியலாக உருவெடுத்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எண்ணற்ற இந்தியர் பர்மாவைவிட்டு ஓடினர். விடுதலைக்குப் பின் 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. உழவரும் இழந்தனர், கடன் கொடுத்தோரும் இழந்தனர்.

டெல்டாவின் நாலில் ஒரு பங்கைக் கைப்பற்றுவோம் என்று எந்த மேலாளும் முடிவு செய்யவில்லை. சரியெனத் தோன்றிய ஒரே விதி ஆயிரமாயிரம் முறை கையாளப்பட்டது. அதன் மொத்த விளைவை நோக்கும் கண் எங்கும் இல்லை. செயற்கை நுண்ணறிவின் முதன்மையான இடரும் இத்தகையதே என்பது என் கருத்து. முன்பு ஒரு மேலாள் தவறினால் ஒரு கடை தவறிற்று. அடுத்த தெருக் கடைக்காரர் வேறுவிதமாக எண்ணக்கூடும். இன்று ஒரே கணிப்புமுறை ஆயிரம் கிளைகளில் ஒரே நொடியில் இயங்குகிறது. அங்கே தவறும் ஒன்றே, ஆயிரம் கிளைகளிலும்.

பேரேட்டில் இல்லாதவர்

கணிப்பொறி எவ்வாறு முடிவு செய்கிறது? பழைய கடன் கணக்குகள் அதற்குப் பாடமாகக் கொடுக்கப்படுகின்றன. யார் திருப்பிச் செலுத்தினர், யார் தவறினர் என்பதை அவற்றில் ஒப்பிட்டுப் பார்த்து, புதிதாக விண்ணப்பிப்பவர் எவ்வகையினரை ஒத்திருக்கிறார் என்று அது மதிப்பெண் இடுகிறது. ஆனால் பேரேட்டில் பெயரே ஏறாதவர்களைப் பற்றி அது என்ன அறியும்? தம் பெயரில் சொத்தில்லாத பெண்கள், நாட்கூலியர், முந்தைய தலைமுறையில் கடையின் படியேற இயலாதிருந்தோர் ஆகியோர் தவறியவர் அல்லர், கேட்கப்படாதவர். கணிப்புமுறையோ சான்றின்மையையே இடராக எண்ணிவிடக்கூடும்.

‘நாங்கள் சாதியைக் கேட்பதேயில்லை’ என்று நிறுவனங்கள் கூறலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் நம் ஊர்களில் சாதியைக் கேட்டறிய வேண்டியதில்லை. தெருவைக் கேட்டாலே போதும். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தமைக்குக் காரணம், முகவரியில் உள்ள அச்சொல்லே வசையாக மாறியிருந்ததுதான். சொல் நீங்கினாலும் இடம் நீங்குவதில்லை. கைப்பேசி காட்டும் இருப்பிடமே கணிப்பொறிக்குப் போதுமானது.

காலம் மாறுவதும் ஒரு சிக்கல். 2020இல் கொரோனாக் காலத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடமளித்தது. அம்மாதங்களின் கணக்கை விளக்கமின்றிப் பாடமாகக் கொடுத்தால், அனுமதியோடு நிறுத்தியவருக்கும் ஏமாற்றியவருக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். மேலாளுக்கு மூன்றாண்டுத் தவணை இருந்ததுபோல் கணிப்புமுறைக்கும் ஒரு தவணை வேண்டும். அது முடிந்ததும் அதன் முடிவுகள் யாவும் கணக்கெடுக்கப்பட்டு, மீண்டும் அமர்த்தத்தக்கதா என்று ஆராயப்பட வேண்டும்.

கணிப்பொறியால் நன்மையே இல்லை என்பதன்று. மேலாளுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. அறிந்த முகத்துக்கே அவர் பெட்டியைத் திறப்பார். பரிந்துரைக்க ஒருவருமில்லாத சிறுகடைக்காரரின் அன்றாட வரவு செலவைக் கண்டு அவருக்குக் கடனுதவ கணிப்பொறியால் இயலும். அந்நன்மை மெய்யானது, அதனாலேயே இதனை ஒதுக்கிவிடுவது எளிய விடையாகாது.

விடை சொல்பவர் யார்?

‘கணினி மறுத்துவிட்டது’ என்பது விடையாகாது என்பதில் இன்று பல நாடுகள் ஒன்றுபட்டு வருகின்றன. ஜெர்மனியின் ஷூஃபா என்னும் கடன் மதிப்பீட்டு நிறுவனத்தைப் பற்றிய வழக்கில், கடன் கொடுப்போர் அதன் தானியங்கி மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து முடிவெடுப்பின், அம்மதிப்பெண்ணை இடுவதே ஒரு முடிவுக்குச் சமம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலோ, கடன் செயலிகள் சில, கடன்பட்டவரின் கைப்பேசியிலிருந்து உறவினர் எண்களை எடுத்து, அவர்களை அழைத்து இழிவுபடுத்திய கொடுமைக்குப் பின், 2022இல் ரிசர்வ் வங்கி கைப்பேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கத் தடைவிதித்தது. இவ்விதிகள் 2025 மே மாதத்தில் ஒருங்கிணைக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையில் அவ்வங்கி அமைத்த குழு, நிதித்துறையில் செயற்கை நுண்ணறிவைக் கைக்கொள்வதற்கு 7 கோட்பாடுகளையும் 26 பரிந்துரைகளையும் வெளியிட்டது. கருவி எவ்வளவு தானே இயங்கினாலும் பொறுப்பு அதைப் பயன்படுத்தும் நிறுவனத்தையே சாரும் என்பது அவற்றுள் ஒன்று.

நல்ல கோட்பாடுதான். ஆனால் கிளையின் மேசையருகே அது எவ்வுருவம் பெறும்? மறுக்கப்பட்டவருக்குக் காரணம் அவருக்குப் புரியும் தமிழில் எழுத்தில் தரப்பட வேண்டும். வருமானம் போதாது, முந்தைய தவணை தவறியது என்பன காரணங்கள்; மதிப்பெண் குறைவு என்பது காரணமன்று. கணிப்பொறியின் முடிவை மாற்றும் அதிகாரமுள்ள ஓர் அலுவலர் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். எத்தனை முறை அவர் மாற்றினார் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். ஓராண்டில் ஒரு முறையேனும் மாற்றாதவராயின் அவர் அங்கே கையொப்பமிடுபவராக மட்டுமே இருக்கிறார் எனக் கருதலாம். அவர் மாற்றியதற்காகத் தண்டிக்கப்படவும் கூடாது. வாராக்கடன் ஒன்றுக்கு ஊதிய உயர்வை இழக்க நேருமெனில் எவர்தாம் கணிப்பொறியை எதிர்ப்பார்?

ஆண்டிறுதியில் ஐந்தொகை போடும்போது பணத்தின் கணக்கோடு மறுப்பின் கணக்கும் போடப்படட்டும். எந்தத் தெருவில் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் மறுக்கப்பட்டனர், பெண்கள் எத்தனை பேர், விலைவீழ்ச்சி ஆண்டில் எத்தனை ஈடுகள் கைமாறின என்பன அதில் இடம்பெற வேண்டும். இவ்விவரங்கள் யாவும் நிறுவனத்தின் கணிப்பொறியிலேயே உள்ளன. அவற்றைத் திரட்ட ஒரு பிற்பகல் போதும்.